தூக்கிச் செல்லும் வசதி: பூஜ்யம்

ஜூன் 1, ஞாயிறு

மகள் இளவேனிலுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை இன்று காலை தம்பியிடம் போனில் சொன்னது என் தவறு. பத்தரை மணிக்கு நேரிலேயே வந்துவிட்டான். குமரகுரு காப்பீட்டு முகவர். பாலிசி விற்காத நேரத்தில் அறிவுரையை இலவசமாகக் கொடுப்பான். இட்லியைத் தின்றுகொண்டே ஐ ஃபைவ், ஐ செவன் என்று ஆரம்பித்தான். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் இன்ஜின் இல்லாத கார் மாதிரியாம். அந்தக் கார்டு என்ன செய்யும் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய மைத்துனன் வைத்திருக்கிறானாம்.

எனக்கு வேண்டியது பெரிய விஷயமில்லை. பதினெட்டு வயதுப் பெண் கல்லூரியில் சேரப்போகிறாள். கட்டுரை தட்டச்சு செய்ய வேண்டும், பாடங்களைப் பார்க்க வேண்டும், கணக்குகளுக்கு அட்டவணை போட வேண்டும். நான்கு வருடமாவது பழுதில்லாமல் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே திண்டுக்கல்லில் கணிதத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. தெருமுனையில் பஸ் ஏறினால் இருபது நிமிடம். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் புவியியலுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். முதல் பட்டியலில் பெயர் இல்லை. இரண்டாவது பட்டியல் மாதக் கடைசியில் வரும். வேனிலுக்குப் புவியியல்தான் வேண்டுமாம். சிறுவயதிலிருந்து வரைபடப் பைத்தியம். இங்கே இடம் கிடைத்த கல்லூரியில் அந்தப் பாடம் இல்லை.

அவளுடைய அப்பா ஒன்பது வருடமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறார். அது வேறு விஷயம்.

மேசைக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். லேப்டாப்பில் குனிந்தே படித்தால் கழுத்து போய்விடும்.

ஜூன் 2, திங்கள்

குமரகுரு வாட்ஸாப்பில் பதினாறு படங்கள் அனுப்பியிருக்கிறான். ஒன்றில் கம்ப்யூட்டருக்குள் ஊதா விளக்கு எரிகிறது. எல்லாவற்றையும் அழித்தேன்.

ஜூன் 4, புதன்

அலுவலகத்தில் வாய் திறக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். மதிய உணவு நேரத்தில் எப்படியோ பேச்சு வந்துவிட்டது. ஐந்து பேர் இருந்தார்கள். ஏழு கருத்துகள் வந்தன. ஒருவர் பழசு வாங்கச் சொன்னார். பழசு வாங்கி ஏமாந்த கதையை அவரே அடுத்த வாரம் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். இன்னொருவர் எல்லாமே போனிலேயே செய்யலாம் என்றார். அவருடைய மகன் மூன்று பாடத்தில் அரியர் வைத்திருக்கிறான்.

இருபத்து மூன்று வருடமாகப் புள்ளியியல் துறையில் இருக்கிறேன். மாவட்டத்தில் எந்தப் பயிர் எவ்வளவு விளைந்தது என்று கணக்கிட்டுச் சொல்வது எங்கள் வேலை. இப்படி ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டு ஒரு விஷயத்தை முடிவு செய்தால் படித்த எம்.எஸ்ஸிக்கு அர்த்தமில்லை. மாலை வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து அட்டவணை போட்டேன். ஒரு பக்கம் மேசைக் கம்ப்யூட்டர், ஒரு பக்கம் லேப்டாப். எதையெல்லாம் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நூற்றில் எவ்வளவு முக்கியத்துவம் என்று வரிசையாக எழுதினேன். விலை 25. உள்ளூரில் பழுது பார்க்கும் வசதி 25. திரையின் அளவு 20. எத்தனை வருடம் உழைக்கும் 20. தட்டச்சு செய்ய வசதி 10. தூக்கிச் செல்லும் வசதி 0.

கடைசி வரிசையை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஒரு அம்சத்தை மறைத்து அட்டவணை போடுவது முறையல்ல. இருக்கட்டும் என்று எழுதிப் பூஜ்யம் போட்டேன்.

மேசைக் கம்ப்யூட்டர் 84. லேப்டாப் 51.

வேனில் ஒரே ஒரு தடவை கேட்டாள், லேப்டாப் வேண்டாமா என்று. கழுத்தைப் பற்றிச் சொன்னேன். “சரி” என்றாள். அவளுடைய “சரி” எனக்குப் பிடிப்பதில்லை. அது என்னிடமிருந்து அவளுக்குப் போனது.

ஜூன் 7, சனி

சாகுல் பாய் கடைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கிறது. அறுபது வயதுக்கு மேலிருக்கும். முன்பு ரேடியோ, டி.வி. பழுது பார்த்தவர். எங்கள் வீட்டு டி.வி.யை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமில்லை, ஒயர் தளர்ந்திருந்தது என்று காசு வாங்காமல் அனுப்பினார். அதனால்தான் அவரிடம் போனேன்.

அவர் விலைப்பட்டியலை எடுக்கவில்லை. முதலில் கேள்விகளாகக் கேட்டார். பிள்ளை என்ன படிக்கப்போகிறது? விளையாட்டு, வீடியோ வெட்டி ஒட்டுவது எல்லாம் உண்டா? வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கரண்ட் போகும்? மேசையின் அகலம் எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். குறித்துக்கொண்டார். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம் என்றார். அந்தக் காசுக்கு நினைவகத்தைக் கூட்டி, சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால் கல்லூரி முடிகிறவரை கவலையில்லையாம். குமரகுரு இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: “பிள்ள எங்கம்மா படிக்கப்போவுது?”

“வீட்டுலதான்.”

“நான் காலேஜக் கேட்டேன்.”

வீட்டில் இருந்துகொண்டு படிக்கும் என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு கேமரா வேண்டுமா என்றார். மேசைக் கம்ப்யூட்டரில் கேமரா கூட வராதாம். தனியாக வாங்கித் திரைக்கு மேலே மாட்ட வேண்டுமாம். வெளியூரில் இருக்கிறவர்களோடு முகம் பார்த்துப் பேச உதவும் என்றார். எங்களுக்கு வெளியூரில் யாரும் இல்லை, வேண்டாம் என்றேன்.

இருபத்து நான்கு அங்குலத் திரை. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஒட்டன்சத்திரம் பக்கம் களப்பணி. நிலக்கடலை அறுவடை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று வேனிலும் கூட வந்தாள். மடியில் அந்தக் கிராமத்தின் நில வரைபடத்தை விரித்துக்கொண்டு, ஜீப் எந்த வாய்க்காலைத் தாண்டுகிறது என்று ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் முப்பது வருடமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

எங்கள் வேலை எளிமையானது. தேர்வான நிலத்தின் தென்மேற்கு மூலையில் நின்று, அட்டவணையில் வந்த இரண்டு எண்களின்படி நீளவாக்கில் இத்தனை எட்டு, அகலவாக்கில் இத்தனை எட்டு நடக்க வேண்டும். கால் நின்ற இடத்தில் முளைக்குச்சி. அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் பிடுங்கி, காய் ஆய்ந்து எடை போட வேண்டும். செழிப்பான இடமா வறண்ட இடமா என்று நாம் பார்க்கக் கூடாது. எண் சொல்லும் இடம்தான்.

பால்பாண்டி முன்னாலேயே போய்க் குச்சியை நட்டு வைத்திருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கும் களப் பணியாளர், நல்ல மனிதர். குச்சி வேப்பமர நிழலில், செடி சூம்பிப்போன இடத்தில் நின்றது. எனக்குச் சந்தேகம் வந்து நானே மூலையிலிருந்து நடந்து பார்த்தேன். பதினோரு எட்டு தள்ளி இருந்தது.

நிலத்துக்காரி பேச்சியம்மாள் வரப்பில் நின்றாள். இந்த மாதிரி எடுத்த அளவுகளின் சராசரி குறைந்தால்தான் கிராமத்துக்குப் பயிர்க் காப்பீடு கிடைக்கும். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

“அந்தம்மா வீட்டுக்காரரு படுத்த படுக்க மேடம். மனசு கேக்கல. பதினோரு எட்டுதான.”

“பாவம் பாத்து நகத்துனாலும் நகத்துனது நகத்துனதுதான் பால்பாண்டி. மனசு சொல்ற எடத்துல குச்சி நட்டா நம்பர் எதுக்கு?”

குச்சியைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நானே நட்டேன். அங்கே செடி நன்றாகத்தான் இருந்தது. எடை போட்டுக் கையெழுத்து வாங்கும்போது பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது வேனில் வரைபடத்தை மடித்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு உன்மேல் கோபம் இருக்காதா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு குச்சியைக்கூட நகர்த்தியதில்லை என்றும் சொன்னேன். அவள் கேட்காததை நான் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

காலெல்லாம் வலி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 14, சனி

காலையில் கோயம்புத்தூரிலிருந்து போன். வேனில் மாடிக்குப் போய்ப் பேசினாள். கீழே வந்து, அப்பா லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்கிறார் என்றாள். நீ என்ன சொன்னாய் என்றேன். அம்மாவிடம் கேட்கிறேன் என்று சொன்னாளாம்.

பாயிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றேன். அது பாதி உண்மைதான். ஆனால் சும்மா விலை கேட்டதோடு சரி, உறுதியாகச் சொல்லியிருக்கவில்லை. மதியம் போய் உறுதி செய்துவிட்டு வந்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். கோயம்புத்தூர்க் கல்லூரி அனுப்பிய கையேட்டில் பதினோராம் பக்கம் விடுதி விதிகள். அறையில் மேசைக் கம்ப்யூட்டர் வைக்க அனுமதி இல்லை, லேப்டாப் மட்டும்தான் என்று அதில் இருக்கிறது. மே மாதமே படித்தேன். வேனில் படித்தாளா என்று தெரியாது. நான் சொல்லவில்லை. கிடைக்காத இடத்தின் விதிகளைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம். கையேடு இப்போது பழைய பேப்பர்களோடு இருக்கிறது.

ஜூன் 18, புதன்

மேசையின் அகலம் பாய்க்கு நான் சொன்ன அளவில் இல்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் சேர்த்து அளந்திருக்கிறேன். பிறர் அளவை எத்தனை தடவை திருத்தியிருக்கிறேன். தச்சரை வரச் சொல்லி ஒரு பலகை நீட்டச் சொன்னேன். மாலை வருகிறேன் என்றார். வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

தச்சர் இன்றும் வரவில்லை. போன் எடுத்து, வந்துகொண்டே இருக்கிறேன் என்கிறார். பின்னால் மிக்ஸி சத்தம் கேட்கிறது.

ஜூன் 21, சனி

தச்சர் நேற்றுதான் வந்து பலகையை நீட்டினார், இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பாயே ஆட்டோவில் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராக மாட்டினார். எது எங்கே போகிறது என்று வேனிலுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். அவள் கேட்டுக்கொண்டாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. வாய்க்கால்களுக்கு வழி சொன்ன பெண்.

குமரகுரு எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனத்தோடு வந்து சேர்ந்தான். வண்டி வாங்கினால் செய்வதை இதற்கும் செய்ய வேண்டுமாம். இது எங்கேயும் ஓடாது, இருந்த இடத்தில் இருக்கும் என்றேன். “அதுக்குத்தான்க்கா, இருந்த எடத்துல நல்லா இருக்கணும்ல” என்றான். திரையின் நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு. தட்டைச் சுற்றும்போது கற்பூரப் புகை நேராகக் கம்ப்யூட்டருக்குள் போனது. பாய் சிரித்துக்கொண்டே மின்விசிறியை அணைத்தார்.

எல்லோரும் போனபின் சோதித்துப் பார்ப்பதற்காக என் அட்டவணையைத் தட்டச்சு செய்தேன். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாக வந்தது. மேசைக் கம்ப்யூட்டர் 84. சேமித்து வைத்தேன்.

திரை நன்றாக இருக்கிறது. வாசலில் நின்றே படிக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

கரண்ட் நான்கு முறை போனது. நான்கு முறையும் யுபிஎஸ் குழந்தை மாதிரிக் கத்தியது. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, உங்கள் வீட்டில் ஏதோ அழுகிறது என்றார். கீ-போர்டில் தமிழ் வருவதற்கு ஒரு மணி நேரம் போராடினேன். வேனில் வந்து இரண்டு தட்டுத் தட்டினாள். வந்துவிட்டது. முதலிலேயே கூப்பிட்டிருக்கலாமே என்றாள். கூப்பிட்டிருக்கலாம்.

அவள் அதில் இதுவரை செய்தது ஒன்றுதான். தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். திண்டுக்கல் கீழே போய், மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திரை முழுக்க வந்தது. அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் எந்த ஊர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 27, வெள்ளி

பதினொன்றே காலுக்கு அலுவலகத்தில் செய்தி வந்தது. “கிடைச்சிருச்சு.” ஒரே சொல். “நல்லது” என்று பதில் அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரு கோப்பிலிருந்த எண்களை மூன்று முறை கூட்டினேன், மூன்று விடை வந்தது.

மாலை வீட்டுக்கு வந்தபோது வாசல் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது. திரை நிறைய என் அட்டவணை. எழுத்தை இன்னும் பெரிதாக்கி வைத்திருந்தாள். அந்தப் பூஜ்யம் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

“இந்த வரிசைக்கு மட்டும் ஏம்மா சைபர்?”

வீட்டில் இருக்கும் பொருளை யாரும் தூக்கிக்கொண்டு அலைவதில்லை என்றேன்.

“நான் வீட்டுலயே இருப்பேன்னு யாரு சொன்னா?”

கழுத்து வலியைப் பற்றி ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதினோராம் பக்கத்தைத் தானும் படித்ததாகச் சொன்னாள், நான் படித்த அதே வாரத்தில். ஜூன் மாதம் முழுக்க நான் அளந்ததையும் தச்சரைத் துரத்தியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்.”

பிறகு நாற்காலியைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தாள்.

“முளைக்குச்சிய நகத்திட்டம்மா நீ.”

யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. அவளே எழுந்து போய் அதை நிறுத்தினாள். கம்ப்யூட்டரை முறைப்படி மூடினாள். காபி போட்டு எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 28, சனி

சனிக்கிழமையானாலும் அலுவலகம் போய்ப் பேச்சியம்மாள் நிலத்தின் விவரத்தை மேலே அனுப்பினேன். பால்பாண்டியும் வந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அட்டவணையை மறுபடி போட்டேன். இந்த முறை அவளை உட்காரவைத்துக் கேட்டுக்கேட்டுப் போட்டேன். எங்கே படிப்பாய்? விடுதியில். எங்கெல்லாம் கொண்டுபோவாய்? வகுப்பு, நூலகம், களப் பயணம். புவியியலுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு களப் பயணம் உண்டாம். தூக்கிச் செல்லும் வசதி 40. மற்றவை தாமாகக் குறைந்தன. லேப்டாப் 69, மேசைக் கம்ப்யூட்டர் 51. கம்ப்யூட்டர் தனக்கே மதிப்பெண் குறைத்துக்கொண்டு அமைதியாக நின்றது.

முதல் அட்டவணையில் ஒரு பூஜ்யம்தான் தவறு என்று வேனில் நினைக்கிறாள். தாளில் எழுதாத வரிசை ஒன்றும் இருந்தது: யார் வாங்கித் தருகிறார்கள். அதற்கு நூற்றுக்கு நூறு போட்டிருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அது போதும்.

அவளிடம் சொன்னது இவ்வளவுதான்.

“அப்பா லேப்டாப் வாங்கித் தர்றேன்னாருல்ல. தரட்டும்.”

“ஒனக்குப் பரவால்லையாம்மா?”

“பரவால்லன்னு எப்பச் சொன்னேன்? தரட்டும்னேன்.”

அவள் சிரித்தாள். ஜூன் மாதத்தில் முதல் தடவை.

ஜூலை 2, புதன்

சாகுல் பாய் கடைக்குப் போய், பெண் கோயம்புத்தூருக்குப் போகிறாள், கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். முதல் நாளே கேட்டேனே என்று அவர் சொல்லிக் காட்டுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு மாதம் வைத்திருங்கள் என்றார். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அவரே ஆட்டோவில் வந்து எடுத்துப்போவாராம். எனக்கு அலுவலகத்திலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, வீட்டில் எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்மா” என்றார். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்காத கடைக்காரர்.

ஜூலை 3, வியாழன்

குமரகுரு வந்தான். பெண்ணைத் தனியாக அனுப்புகிறாயே என்றான். பிறகு அந்த ஊரில் அவனுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒன்பது பேரின் எண்களைக் கொடுத்தான். ஒன்பது பேரும் அவனிடம் பாலிசி எடுத்தவர்கள்.

போகும்போது, “மாமாவும் அங்கதான இருக்காரு” என்றான். ஆமாம் என்றேன். வேறு விஷயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கோயம்புத்தூர் போய்விட்டு வந்தேன். ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு வாளி. விடுதி அறை சுத்தமாக இருக்கிறது. ஜன்னலிலிருந்து மலை தெரிகிறது. அது எந்த மலை, எவ்வளவு உயரம் என்று வேனில் அறைத்தோழிக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் பாவம், பல்துலக்கப் பேஸ்ட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

விடுதி வாசலில் அவளுடைய அப்பா ராஜாராம் காத்திருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. லேப்டாப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், பிரசாதம் மாதிரி. என்னிடம் கொடுப்பதா அவளிடம் கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார். “அவகிட்டக் குடுங்க” என்றேன். ஒன்பது வருடத்தில் நேரில் சொன்ன முதல் வாக்கியம்.

நல்ல லேப்டாப்தான். எஸ்எஸ்டி போட்டதுதான். திரை சிறியது. கழுத்துக்குக் கீழே உயரமாக ஏதாவது வைத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன். திரைக்குக் கீழே என்று சொல்ல வந்தது மாறிவிட்டது. யாரும் திருத்தவில்லை.

பஸ் ஏற்றிவிட வேனில் வந்தாள். அழவில்லை. நானும்.

ஜூலை 9, புதன்

வேனிலுக்கு முதல் வரைபட வேலை கொடுத்திருக்கிறார்கள். அதை எனக்குக் காட்ட வேண்டுமாம். போனில் அனுப்பினாள், தபால்தலை அளவுக்கு வந்தது. கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தேன். “கம்ப்யூட்டர ஆன் பண்ணும்மா, எதுக்கு இருக்கு அது?” என்றாள். அரை மணி நேரம் எதை அழுத்துவது என்று போனில் சொல்லிச்சொல்லி, கடைசியில் திரையில் வந்துவிட்டாள்.

இருபத்து நான்கு அங்குலத்தில் அவள் முகம். நெற்றியில் ஒரு பரு புதிதாக இருக்கிறது. பின்னால் கொடியில் துவைத்த துண்டு. வரைபடமும் வந்தது. ஆற்றை நீலத்தில் வரைந்திருக்கிறாள், கோடு தெளிவாக இருந்தது. மைக் இல்லாததால் பேச்சு மட்டும் போனில். குரல் முதலில் வந்தது, உதடு அப்புறம் அசைந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள்: “எனக்கு நீ தெரியலம்மா. கருப்பா ஒரு கட்டம்தான் இருக்கு.”

கேமரா இல்லை என்றேன். பாய் தரவில்லையா என்றாள். நான்தான் வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

விடுமுறை நாள். சாப்பிட்டதும் கிளம்பி நேராகக் கடைக்குப் போனேன். மாடிப்படியில் ஏறும்போதே பாய் பார்த்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் மேசையின் கீழ் அறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். கேமரா. மைக்கும் அதிலேயே இருக்கிறது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் என் பெயர். தேதி ஜூன் 7.

“அன்னைக்கே எடுத்து வச்சேம்மா.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாற்பது வருடமாக மற்றவர்கள் வீட்டுப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறேன் என்றார். இப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். குமரகுருவின் சந்தனப் பொட்டு ஒன்று காய்ந்து இன்னும் திரையின் மூலையில் இருந்தது. ஈரத் துணியால் துடைக்கப் போனேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்து மணிக்கு வேனில் வந்தாள்.

“அம்மா, நெத்தி மட்டுந்தான் தெரியுது. கொஞ்சம் கீழ எறக்கு.”

கேமராவை நான்கு விரல் நகர்த்தினேன்.

“இப்பத் தெரியிற.” உற்றுப் பார்த்தாள். “ஏம்மா மொகத்த அப்படி வச்சிருக்க?”

என் முகம் எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்றேன்.